கடல் தாண்டும் மார்க் ஷீட்

1970களில் மயிலாப்பூரிலோ அடையாறிலோ இருந்த ஒரு மாணவர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முதலில் வாங்கியது ஓர் ஏரோகிராம். படிவம் அனுப்புங்கள் என்று கேட்க மட்டுமே அந்தக் கடிதம். யாருக்கு எழுதுவது என்று தெரிய, ஜெமினி அருகே 1969இல் திறந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்து நூலகத்துக்குப் போய், தடித்த கேட்டலாக்குகளைப் புரட்டி, முகவரிகளை நோட்டில் எழுதி வர வேண்டும். படிவம் கைக்கு வருவதற்குள் மாதம் ஒன்று ஓடிவிடும்.

அடுத்தது பணம். 1966இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபின் டாலர் ஏழரை ரூபாய். ரூபாய் இருந்தாலும் டாலர் கிடைக்காது. அந்நியச் செலாவணி முழுதும் ரிசர்வ் வங்கியின் பிடியில் இருந்தது. விமானம் ஏறியவர்களே எட்டு டாலரோடு போன காலம் அது. இதில் விண்ணப்பக் கட்டணத்தை எங்கே அனுப்புவது? அதனால் இன்னொரு கடிதம் போகும்: எங்கள் நாட்டின் விதி இப்படி, கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள், அல்லது வந்து சேர்ந்தபின் கட்டுகிறேன். பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டன. குமாஸ்தா வீட்டுப் பிள்ளையும் தபால் செலவை மட்டும் வைத்துக்கொண்டு நாலைந்து இடங்களுக்கு எழுத முடிந்தது அந்தக் கடிதத்தால்தான்.

இன்று அந்தத் தடை இல்லை. 2004இல் ரிசர்வ் வங்கி, ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றது. இப்போது அந்த வரம்பு இரண்டரை லட்சம் டாலர். கார்டு எண்ணைத் தட்டினால் கட்டணம் போய்விடுகிறது. ஆனால் ஓர் இடத்துக்கு 75 டாலர் என்று வைத்தாலும், டாலர் 85 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், பத்து இடங்களுக்கு அறுபதாயிரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பதிலும் வருவதற்கு முன்பே கட்டியாக வேண்டிய பணம் இது. அன்று எல்லோருக்கும் பொதுவாக இருந்த முடை, இன்று பணம் இல்லாத வீட்டுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. கட்டண விலக்கு தரும் பல்கலைக்கழகங்கள் இன்றும் சில உண்டு. கேட்கலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

இனி சான்றிதழ்கள். ஜெராக்ஸ் பரவாத நாளில் மார்க் ஷீட்டை அப்படியே டைப் அடித்து, கெஜட்டட் அதிகாரி ஒருவரைத் தேடிப் பிடித்துப் பச்சை மையில் கையெழுத்து வாங்குவார்கள். எல்லா மதிப்பெண்களையும் தொகுத்துப் பல்கலைக்கழகமே தரும் டிரான்ஸ்கிரிப்டுக்குச் சேப்பாக்கம் போக வேண்டும். 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் பிரியும்வரை கிண்டிப் பொறியியல் கல்லூரி மாணவருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம்தான். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலேயே முத்திரையும் கையெழுத்தும் இட்டுத் தருவார்கள். மாணவரின் கை அதில் படவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி, பிரித்துவிட்டால் செல்லாது. பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக.

இப்போது ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். மூலச்சான்றை இடம் கிடைத்தபின் கேட்கிறார்கள். பேராசிரியருக்கு மின்னஞ்சலில் இணைப்பு போகிறது. தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்க வைத்த, அமெரிக்க மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம்கூட 2020 கொரோனாவுக்குப் பின் பி.டி.எஃப்.ஆக வருகிறது. இதெல்லாம் நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. எனக்கு வருத்தம் ஒன்றில்தான். ஏன் படிக்க வருகிறேன் என்று தன்னைப் பற்றி எழுத வேண்டிய அந்த இரண்டு பக்கத்தை, பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தரும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அன்று தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் இருந்தாலும் அது அந்தப் பிள்ளையின் எழுத்தாக இருந்தது.

அதிகம் மாறாதது டிரான்ஸ்கிரிப்ட். இடம் கிடைத்தபின் பல்கலைக்கழகம் அதைக் கேட்கும். 1974 முதல் நியூயார்க்கில் இயங்கும் டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களும், நம் பல்கலைக்கழகமே அதை நேரடியாக அனுப்ப வேண்டும் என்கின்றன. 2013 முதல் கனடா, திறன்சார் குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டுப் பட்டதாரிகளிடம் பட்ட மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியதால், படித்து முடித்துப் பல வருஷம் ஆனவர்களும் இந்த வரிசையில் சேர்ந்தார்கள். மகள் டொரண்டோவில் இருப்பாள். அவளுடைய அதிகாரக் கடிதத்தையும் பழைய மார்க் ஷீட் நகல்களையும் பையில் வைத்துக்கொண்டு, மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறிப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அலைபவர் எழுபது வயது அப்பா.

அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் 2015இலேயே வந்துவிட்டது. பட்டமும் மார்க் ஷீட்டும் அதில் ஏறும்போது, டிரான்ஸ்கிரிப்டை மட்டும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி அலைச்சல் என்று வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பட்டமளிப்பு நாளிலேயே மின்கையொப்பமிட்ட டிரான்ஸ்கிரிப்டையும் சேர்த்துத் தருவது நம் பல்கலைக்கழகங்களால் முடியாத காரியம் அல்ல. அது நடக்கும்வரை, கடைசி செமஸ்டரில் இருக்கும் பிள்ளைகளே, வெளிநாடு போகும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், ஊரைவிட்டுக் கிளம்புமுன் டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.