எதிரணியின் அரங்கில் நாம் விருந்தாளிகள்



காற்பந்து என்று வந்தால் நாம் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவோம், பயிற்றுநரைக் குறை சொல்வோம், நடுவரைத் திட்டித் தீர்ப்போம். ஆனால், சொந்தக் காசைச் செலவழித்து, வேலைக்கு விடுப்பு எடுத்து, எதிரணியின் ஊருக்கே போய்க் கொடி பிடிக்கிற ரசிகரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இன்றைய கலந்துரையாடலில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு அவரைப் பற்றியதுதான். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ ஆட்டம் பார்க்கச் செல்லும் ரசிகர் எப்படிப் போக வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும், அவரைப் பாதுகாக்க வேண்டிய கடமை யாருக்கு இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

இது நமக்குப் புதிய பழக்கமா?

இல்லை. நம் வட்டாரத்தில் இதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 'எச்.எம்.எஸ். மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரால் 1921ஆம் ஆண்டு ஒரு கிண்ணப் போட்டி தொடங்கியது. அதுவே பின்னாளில் மலேசியக் கிண்ணம் ஆனது. முதல் இறுதியாட்டத்திலேயே சிங்கப்பூரும் சிலாங்கூரும் மோதின, சிங்கப்பூர் வென்றது. அன்று தொடங்கிய போட்டாபோட்டி பல தலைமுறைகளுக்கு நீடித்தது. சிங்கப்பூரின் காலாங் அரங்கில் 1973 முதல் எழுந்த ரசிகர்களின் முழக்கத்துக்கே தனிப் பெயர் இருந்தது. அந்த முழக்கத்துக்கு நடுவில் தன் மாநிலத்துக்காகக் குரல் கொடுத்த ரசிகர்கள் சாதாரணமானவர்கள் அல்லர்.

இதன் உச்சம் என்று 1994ஆம் ஆண்டைச் சொல்லலாம். அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாள், ஷா ஆலாம் அரங்கில் சிங்கப்பூரும் பகாங்கும் இறுதியாட்டத்தில் சந்தித்தன. இரண்டாவது இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது 1998இல்தான் என்பதால், அப்போது ஜொகூர் கடற்பாலம் ஒன்றுதான் தரைவழி. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்ததும் அதே 1994இல்தான். அந்தப் புதிய சாலை வழியே சிங்கப்பூர் ரசிகர்கள் பேருந்து பேருந்தாகக் கிளம்பினார்கள். அரங்கம் சிவப்பு நிறத்தில் நிறைந்தது. சிங்கப்பூர் 4-0 என்ற கணக்கில் வென்றது. அப்பாஸ் சாட் மூன்று கோல் போட்டார். இன்னொன்றைப் போட்டவர் ஃபாண்டி அகமது. பகாங் தோற்றது, ஆயினும் ஒரு நாட்டு ரசிகர்கள் பல்லாயிரம் பேர் இன்னொரு நாட்டுக்குள் வந்து, கொண்டாடிவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பினார்கள். அந்த அரங்கம் இன்று இல்லை; ஆனால் அந்தப் பயணத்தைச் சொல்லி மகிழ்கிறவர்கள் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

தனிப் பகுதி எதற்காக?

அரங்கில் எல்லாரும் கலந்து உட்கார்ந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். அதற்கான பதிலை உலகம் உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

1985ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூலும் யுவென்டஸும் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் மோதவிருந்தன. லிவர்பூல் ரசிகர்கள் நின்ற பகுதிக்குப் பக்கத்துப் பகுதியைப் 'பொது ரசிகர்களுக்கு' என்று ஒதுக்கினார்கள். ஆனால் அந்தச் சீட்டுகளில் பல இத்தாலிய ரசிகர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இரு தரப்புக்கும் நடுவில் இருந்தது வெறும் கம்பிவேலி. அதைத் தாண்டிக்கொண்டு லிவர்பூல் ரசிகர்களில் ஒரு பகுதியினர் பாய்ந்தபோது, பின்வாங்கிய கூட்டம் சுவரோடு நெரிந்தது, சுவர் சரிந்தது. 39 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யுவென்டஸைப் பார்க்க வந்தவர்கள்.

இன்று ஐரோப்பியப் போட்டிகளில் அரங்கின் கொள்ளளவில் குறைந்தது 5 விழுக்காட்டு இருக்கைகளை வருகை புரியும் ரசிகர்களுக்கென்று, பாதுகாப்பான தனிப் பகுதியில் ஒதுக்க வேண்டும் என்பது விதி. நம் வட்டாரத்திலும் பெரிய ஆட்டங்களுக்கு இத்தகைய ஏற்பாடு உண்டு. தனி நுழைவாயில், தனிக் கழிவறை, உணவுக் கடை, நடுவில் காலியாக விடப்படும் இருக்கை வரிசைகள், அந்த வரிசைகளில் நிற்கும் காவலர்கள் எல்லாம் இதன் பகுதிகள். ஆட்டம் முடிந்ததும் உபசரணை அணியின் ரசிகர்கள் வெளியேறும்வரை வருகையாளர்களை உள்ளேயே உட்கார வைப்பார்கள். 'நம்மை அடைத்து வைத்துவிட்டார்களே' என்று அப்போது கோபப்படக் கூடாது. இரண்டு கூட்டமும் ஒரே வாசலில், ஒரே நேரத்தில் சந்திக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இரண்டு இரவுகள்

விதிகள் இருந்தாலும் அவை கைவிடப்படும்போது என்ன நடக்கும்? நம் நாட்டோடு தொடர்புடைய இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம்.

2019 செப்டம்பர் 5ஆம் நாள், ஜகார்த்தாவின் கெலோரா புங் கார்னோ அரங்கில் உலகக் கிண்ணத் தேர்வாட்டம் நடந்தது. இந்தோனேசியா முன்னிலையில் இருந்தும் மலேசியா 3-2 என்று வென்றது. இறுதி நேரத்தில் சுமாரே அடித்த கோலை நம் ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அன்று அங்கே இருந்தவர்கள் மறக்காதது வேறொன்று. உள்ளூர் ரசிகர்களில் ஒரு கூட்டம் மலேசியர்கள் அமர்ந்திருந்த பகுதியை நோக்கிப் பாய்ந்தது. பொருள்கள் வந்து விழுந்தன. ஆட்டமே சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. இந்தோனேசிய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் அந்நாட்டுச் சங்கத்துக்கு 45,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் விதித்தது. நாம் கொதித்தோம், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிப் போனால் இன்னொரு இரவு இருக்கிறது. 2014 டிசம்பர் 7ஆம் நாள், ஆசியான் கிண்ண அரையிறுதியின் முதல் ஆட்டம் ஷா ஆலாமில் நடந்தது. வியட்நாம் 2-1 என்று வென்றது. தோல்வியைத் தாங்காத நம் ரசிகர்களில் சிலர், வியட்நாமிய ரசிகர்கள் இருந்த பகுதிக்குள் புகுந்து தாக்கினார்கள். விருந்தாளியாக வந்தவர்கள் இரத்தக் காயத்தோடு திரும்பினார்கள். நான்கு நாள் கழித்து ஹனோயில் நம் அணி 4-2 என்று வென்று இறுதியாட்டத்துக்குப் போனது. மைதானத்தில் கிடைத்த அந்த வெற்றியால் அரங்கின் படிகளில் நடந்த தவறு அழிந்துவிடவில்லை.

ஜகார்த்தாவில் அடிபட்டவர் நம்மவர். ஷா ஆலாமில் அடித்தவரும் நம்மவரே. ஒன்றைப் பேசும்போது மற்றொன்றை மறைத்தால் நாம் நேர்மையாகப் பேசுகிறோம் என்று யார் நம்புவார்கள்?

தடை விதித்தால் தீர்ந்துவிடுமா?

'இவ்வளவு தொல்லை எதற்கு? வெளியூர் ரசிகர்களே வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமே' என்று ஒரு கருத்து உண்டு. அர்ஜென்டினாவில் 2013 முதல் பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. இந்தோனேசியாவிலும் 2023-24 பருவத்தில் வெளியூர் ரசிகர்களுக்குத் தடை இருந்தது.

ஆனால் 2022 அக்டோபர் 1ஆம் நாள் கிழக்கு ஜாவாவின் மாலாங் மாவட்டத்தில், கஞ்சுருஹான் அரங்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அரேமா அணிக்கும் பெர்செபயா சுராபாயா அணிக்கும் ஆட்டம். பகை முற்றிய ஆட்டம் என்பதால் சுராபாயா ரசிகர்களுக்கு முன்கூட்டியே தடை விதித்துவிட்டார்கள். அரங்கில் இருந்தவர்கள் ஓர் ஊர்க்காரர்களே. அரேமா தோற்றதும் சிலர் மைதானத்தில் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. புகைக்கு அஞ்சி ஓடிய மக்கள் குறுகிய வாயில்களில் நெரிந்தார்கள். 135 பேர் மாண்டார்கள். அரங்கினுள் கண்ணீர்ப்புகை கூடாது என்பது அனைத்துலகச் சம்மேளனத்தின் பாதுகாப்பு விதி.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, அபாயத்தை விருந்தாளி மட்டும் கொண்டுவருவதில்லை என்பதே. திறக்காத கதவும், பயிற்சியில்லாத காவலும், அளவுக்கு மீறிய கூட்டமும் எதிரணி ரசிகர் ஒருவர்கூட இல்லாத இடத்திலும் உயிரைப் பறிக்கும்.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். முதலாவது, நுழைவுச்சீட்டு. வெளிநாட்டு ஆட்டமென்றால் நம் நாட்டுக் காற்பந்துச் சங்கத்தின் வழி அல்லது அங்கீகரிக்கப்பட்ட ரசிகர் குழுவின் வழி வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் யாரிடமோ வாங்கினால், சீட்டு போலியாக இருக்கலாம். உண்மையாகவே இருந்தாலும் எதிரணி ரசிகர்களின் நடுவில் போய் உட்கார வேண்டியிருக்கும். ஹெய்சலில் நேர்ந்த குழப்பத்தின் தொடக்கமே அதுதான்.

இரண்டாவது, ஆவணங்கள். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் மின்னியல் வருகை அட்டையை மூன்று நாளுக்குள் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். மின்சிகரெட் வைத்திருப்பதே அங்கே குற்றம்; சாதாரண சிகரெட்டுக்கும் வரிவிலக்கு கிடையாது. சோதனைச்சாவடியில் ஒருவர் மாட்டிக்கொண்டால் பேருந்தில் உள்ள நாற்பது பேரும் காத்திருக்க நேரிடும்.

மூன்றாவது, நேரம். ஆட்டம் முடிந்த பிறகு அரை மணியோ ஒரு மணி நேரமோ உள்ளே இருக்க நேரிடும் என்று கணக்கு வைத்துக்கொண்டு பேருந்தையும் ரயிலையும் விமானத்தையும் ஏற்பாடு செய்யுங்கள். கடைசி ரயிலை நம்பி அரங்கிலிருந்து ஓடுகிறவர் தன் கூட்டத்தைவிட்டுப் பிரிகிறார். தனியாக மாட்டுகிறவரும் அவர்தான். ஜெர்சியை அரங்கினுள் அணிந்துகொள்ளலாம். தெருவில் நடக்கும்போது அதன்மேல் ஒரு சாதாரணச் சட்டை இருக்கட்டும்.

நான்காவது, பையில் என்ன இருக்கிறது என்பது. தீப்பந்தம், பட்டாசு, லேசர் விளக்கு ஆகியவை வேண்டவே வேண்டாம். 2010 டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் ஆசியான் கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில், பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த லேசர் ஒளியால் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள். பின்னர் மலேசியா 3-0 என்று வென்றும், லேசர் பேச்சு இன்றுவரை நம்மைவிட்டுப் போகவில்லை. 2015 செப்டம்பரில் சவூதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நம் ரசிகர்களே தீப்பந்தங்களையும் பட்டாசுகளையும் மைதானத்தில் வீசினார்கள். ஆட்டம் கைவிடப்பட்டது, 3-0 என்ற வெற்றி சவூதிக்கு வழங்கப்பட்டது. ரசிகரின் செயலுக்கு அவர் நாட்டுச் சங்கமே பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி என்பதை மறக்கக் கூடாது.

வீட்டுக்காரரின் கடமை

வருகையாளரின் பொறுப்பைச் சொன்னேன். வீட்டுக்காரரின் பொறுப்பு அதைவிடப் பெரியது. அரங்கினுள்ளும் அதைச் சுற்றியும் ஒழுங்கைக் காப்பது உபசரணைச் சங்கத்தின் கடமை. ஆனால் காவலர் எத்தனை பேர் நின்றாலும், பக்கத்து இருக்கைக்காரர் கையில் பாட்டிலை எடுக்கும்போது, "வேண்டாம் தம்பி, வை" என்று சொல்லக்கூடியவர் நாம்தான். ஷா ஆலாமில் அன்று அப்படிச் சொன்னவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால், அந்த வியட்நாமியர்கள் தோளில் கொடியோடு சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள்.

விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். வீட்டுக்கு வருகிறவரிடம் காட்டும் பண்பை அரங்கத்துக்கு வருகிறவரிடம் காட்டாமலிருக்க நியாயம் எதுவும் இல்லை. அவர் நம் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்தான். ஆயினும் நம்மை நம்பித்தான் கடல் தாண்டி வருகிறார். அடுத்த மாதம் அவருடைய ஊருக்கு நம் பிள்ளை போகும்போது, அங்குள்ளவர்களை நம்பித்தான் நாமும் வழியனுப்பி வைப்போம்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை புக்கிட் ஜாலிலுக்குப் போனால் வருகையாளர் பகுதியையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அங்கே இருக்கும் சிறு கூட்டம் எப்படி வந்ததோ, அப்படியே வீடு திரும்ப வேண்டும். அதற்கு அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு.