உங்களுக்குத் தெரியுமா? விற்றபின் பிடுங்கிய கதைகள்

● 2006-ல் சோனியின் பிளேஸ்டேஷன் 3 விற்பனைக்கு வந்தபோது, அதில் லினக்ஸ் ஏற்றி கம்ப்யூட்டராகவும் ஓட்ட முடிந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த அப்டேட் அந்த வசதியை அழித்துவிட்டது. பாதுகாப்புக் காரணம் என்றது சோனி. முட்டாள்கள் தினம்தான், ஆனால் விளையாட்டில்லை! அப்டேட் வேண்டாம் என்றால் ஆன்லைன் ஆட்டம் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருந்தார்கள். வழக்கு 8 ஆண்டுகள் இழுத்து, 37.5 லட்சம் டாலரில் சமரசமானது. இதே பெட்டிகளில் 1,760-ஐ இணைத்து அமெரிக்க விமானப்படை ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியிருந்தது.

● 2009 ஜூலையில் அமேசானின் மின்நூல் கருவியான கிண்டிலை வைத்திருந்த பலர் காசு கொடுத்து வாங்கிய இரண்டு புத்தகங்களைக் காணவில்லை. விற்ற பதிப்பாளருக்கு உரிமை இல்லையென்று அமேசானே தொலைவிலிருந்து அழித்து, பணத்தைத் திருப்பியிருந்தது. புத்தகங்கள் எவை? ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’. வேண்டாத காகிதங்களை விழுங்கி எரிக்கும் சுவர்த் துளை வரும் நாவல் ‘1984’. இப்படியொரு பொருத்தத்தைக் கதையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஒரு பள்ளி மாணவர் பாடத்துக்காக எழுதிவைத்த குறிப்புகள் மட்டும் மிஞ்சின. எந்த வரிக்கான குறிப்பு என்று பார்க்கப் புத்தகம் இல்லை. அவர் வழக்குப் போட்டார். அமேசான் 1,50,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

● 2022-ல் போட்டோஷாப்பில் பழைய டிசைன்களைத் திறந்த சிலருக்கு, பான்டோன் நிறுவனத்தின் வண்ணங்கள் இருந்த இடமெல்லாம் கறுப்பு! வண்ணம் திரும்ப வேண்டுமா? தனிச் சந்தா கட்டுங்கள் என்றார்கள்.

● ரிவால்வ் என்பது வீட்டு விளக்கு, பூட்டையெல்லாம் போனிலிருந்தே இயக்க உதவிய 300 டாலர் பெட்டி. அதைத் தயாரித்த கம்பெனியை 2014-ல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் பெட்டி நம்பியிருந்த சர்வரை நிறுத்தினார்கள். பெட்டி பழுதாகவில்லை, வேலையும் செய்யவில்லை.

● 2014-ல் வெளியான ‘தி க்ரூ’ கார் பந்தய விளையாட்டின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் இறுதியில் மூடியது. தனியாக ஆடவும் சர்வர் தேவை என்பதால், கடையில் டிஸ்க் வாங்கியவர்களிடமும் வெறும் வட்டுதான் மிச்சம். அதே ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்று பட்டன் வைத்தால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பிடுங்குவதற்குத் தடை ஏதும் அதில் இல்லை.