இரட்டைக் குட்டியின் இரகசியம்

ஒரு மறி ஒரே ஈற்றில் இரு குட்டிகளை ஈன்றுவிட்டால், அதனை வீட்டின் அதிர்ஷ்டம் என்று மகிழ்வது நம்மவர் வழக்கம். அதிர்ஷ்டத்துக்கும் இதில் இடமுண்டு. ஆயினும் பரம்பரை, வயது, தீனி ஆகிய மூன்றினையும் மறத்தலாகாது.

வங்காளத்துச் சுந்தரவனத்தில் வாழும் காரோல் என்னும் சிறிய செம்மறி, இரண்டு மூன்று குட்டிகளைச் சாதாரணமாகவே ஈனும். அதற்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் 2001ஆம் ஆண்டில் இனங்கண்டனர். மகாராஷ்டிரத்துப் பல்டனிலுள்ள நிம்ப்கர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், அதனைத் தக்காணத்துச் செம்மறியிற் சேர்த்து ‘நாரி சுவர்ணா’ என்னும் இனத்தை உருவாக்கியது. அம்மரபணு இல்லாத மந்தைகளிலோ, குட்டித்தொகை வேறுபாட்டிற் பத்தில் ஒரு பங்களவே பரம்பரையால் வருவது. எஞ்சியவற்றுட் பல வளர்ப்போர் கையிலேயே உள்ளன.

முதலீற்றில் ஒன்றே ஈனும் மறி, மூன்றாம் நான்காம் ஈற்றில் இரண்டு ஈனக்கூடும். மெலிந்த மறிக்குக் கிடாயுடன் சேர்க்க இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே தவிடும் பிண்ணாக்கும் குழையும் கூட்டிக் கொடுத்தால், சூலகத்தில் முதிரும் முட்டைகள் பெருகும்.

ஆனால், இரட்டைக் குட்டிகள் எடை குறைந்தே பிறக்கும். தாய்ப்பாலையும் பங்கிட்டே குடிக்கும். கிளிநொச்சியில் மாசியிற் சினைப்பட்ட மறி, ஐந்து மாதங் கழித்து ஆடி வரட்சியில் ஈனும். ஐப்பசி மழைப்புல்லில் சினைப்பட்டதோ, அறுவடை முடிந்த பங்குனி வயலில் ஈனும். எது நன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பிறந்த குட்டிகளின் தொகையன்று, பால்குடி மறந்து பிழைத்து நின்றவற்றின் தொகையே குடும்பத்தின் செல்வம்.