பில்லூர் அணைக்காட்டில் ஒரு நாள் நடை: ‘ஈஸி’ ரூட்டுக்கு ஏன் இத்தனை கண்டிஷன்?

வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, அணை ஓரமாகக் காட்டுக்குள் ஒரு ரவுண்ட் நடந்துவிட்டு, சாயங்காலத்துக்குள் வீடு திரும்ப முடியுமா? கோவைக்காரர்களுக்கு முடியும். ஆனால், நாமாகவே வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நடக்க முடியாது.

இப்படிப்பட்ட நடைக்கு அருகிலிருக்கும் நல்ல இடம் பரளிக்காடு. மேட்டுப்பாளையம் ரோட்டில் காரமடை போய், இடதுபுறம் திரும்பி, வெள்ளியங்காடு தாண்டி மலைப்பாதையில் போனால் பில்லூர் அணையின் நீர்ப்பரப்பு வரும். கோவையிலிருந்து சுமார் 70 கி.மீ. பவானி ஆற்றின் குறுக்கே, குந்தா நீர்மின் திட்டத்துக்காக 1960-களில் கட்டிய அணை இது. இன்றைக்குக் கோவையின் பெரும்பகுதிக்குக் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான். (‘சிறுவாணி டேஸ்ட் வராது’ என்கிற பஞ்சாயத்து தனி!)

இங்கே வனத்துறையின் சூழல் சுற்றுலா பல வருடங்களாக நடக்கிறது. காலையில் பரிசல் சவாரி, மதியம் பழங்குடிப் பெண்கள் சமைத்த சாப்பாடு, பிறகு காட்டுக்குள் சின்ன நடை, ஆற்றில் குளியல். மூச்சு வாங்குகிற ஏற்றம் கிடையாது. வயதான அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். பொதுவாக வார இறுதியில்தான்; முன்பதிவு கட்டாயம். பரிசல் ஓட்டுவது, சமைப்பது, வழிகாட்டுவது எல்லாம் உள்ளூர் பழங்குடி மக்கள்தான். அவர்களுக்கு வருமானம் கிடைப்பதும் திட்டத்தின் நோக்கம்.

தனியாகப் போனால் என்ன ஆகும்?

முதல் விஷயம், சட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி குற்றம். ‘நான் மரத்தையா வெட்டினேன், நடக்கத்தானே போனேன்’ என்பது அங்கே எடுபடாது. ஆனால் அபராதத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் யானை.

அணை என்றால் நமக்கு வியூ பாயின்ட். யானைக்கு அது தண்ணீர்த்தொட்டி. வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். கோடையில் ஓடைகள் வற்றும்போது தண்ணீர் மிஞ்சுவது அணையில்தான். நீர்மட்டம் இறங்கிய கரையில் புல்லும் முளைக்கும். ஆக, நாம் ‘சமதளமா, ஈஸியா இருக்கே’ என்று பார்க்கிற அதே கரைப்பாதைதான் யானைக்கும் வசதி. மேட்டில் ஏறி இறங்க அதற்கும் சிரமம்தானே!

இன்னொரு சிக்கல் உண்ணிச்செடி. இந்தப் பக்கக் காடுகளில் பாதையின் இருபுறமும் ஆள் உயரத்துக்குப் புதராக அடைந்து கிடக்கும். அதற்குப் பின்னால் யானை அசையாமல் நின்றால், சில மீட்டர் பக்கத்தில் போனாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. கூட வருகிற வழிகாட்டி கண்ணை மட்டும் நம்பி நடப்பதில்லை. ஈரம் காயாத சாணம், புதிதாக ஒடிந்த கிளை, காற்றில் வருகிற வாடை, எங்கோ கேட்கிற ‘படக்’ சத்தம் இவற்றையும் கவனிப்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அவருக்கு முக்கியம். நமக்கு அது நினைவிலேயே இருக்காது. கூகுள் மேப்பில் இதெல்லாம் வராதுங்க.

2020 ஜனவரியில் பெரியநாயக்கன்பாளையம் அருகே பாலமலைப் பகுதியில், அனுமதியில்லாமல் காலை நடையாகப் போன ஒரு கோவைக் குழு யானையிடம் சிக்கியது. ஒரு பெண் உயிரிழந்தார். சிகரம் ஏறப் போனவர்கள் அல்ல, விடுமுறை நாளில் நடக்கப் போனவர்கள்.

அதற்கு முன், 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை ஆன்லைனில் புக் செய்யலாம். எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆழியாறு கால்வாய்க் கரை, சாடிவயல்–சிறுவாணி என நம் மாவட்டத்திலும் உண்டு. தீ அபாயம் அதிகமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடுவார்கள். அந்த நேரத்தில் ‘எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், வாங்க’ என்று யாராவது கூப்பிட்டால் போக வேண்டாம்.

தண்ணீரில் இறங்கலாமா?

வழிகாட்டி காட்டுகிற இடத்தில், அவர் சொல்கிற நேரத்தில் மட்டும். மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறக்கும்போது பவானியில் மழையே இல்லாமல் நீர்மட்டம் உயரும். மேட்டுப்பாளையம் பகுதியில் குளிக்க இறங்கியவர்கள் இப்படி மாட்டிக்கொண்ட சம்பவங்கள் பலமுறை நடந்திருக்கின்றன. பாறை நடுவில் செல்ஃபி எடுப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். கரைக்குத் திரும்பும் வழி முதலில் மூழ்கிவிடும்.

மற்றபடி சாதாரண விஷயங்கள்தான். பளிச் நிற உடையும் பெர்ஃப்யூமும் வேண்டாம். போன் சிக்னலை நம்ப வேண்டாம், கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் கொண்டுபோனால் அப்படியே திரும்ப எடுத்து வாருங்கள். உப்பும் எண்ணெயும் ஒட்டிய கவரை யானை தின்றுவிடும்.

திரும்பும்போது இருட்டுவதற்குள் வெள்ளியங்காடு வந்துவிடுங்கள். வழியில் ரோட்டிலேயே யானை நின்றால், ஹாரன் அடிக்காமல், ஹெட்லைட்டை டிம் செய்து, தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். இறங்க வேண்டாம். அது போக நேரம் எடுத்தால், அவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டியதுதான்.