பால் குடிக்கையில் மூச்சு வாங்கும் குழந்தை



பால் குடிக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே உங்கள் பச்சிளங் குழந்தை களைத்து விடுகிறதா? நெற்றி வியர்த்து, மூச்சு வேகமாக வாங்குகிறதா? உதடும் நாக்கும் நீலம் பாய்கின்றனவா? "சளிதான்", "கண்ணூறுதான்" என்று நாட்களைக் கடத்தாதீர்கள். இருதயத்தில் பிறவிக் குறை இருக்கவும் கூடும்.

அவற்றுள் ஒன்று, நுரையீரல் நாளங்கள் இடம் மாறி இணைந்திருப்பது. நுரையீரலில் சுத்தமான இரத்தத்தை நான்கு நாளங்கள் இருதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டுவர வேண்டும். சில குழந்தைகளில் நான்குமே வழி தவறி வலது பக்கத்தில் போய்ச் சேர்கின்றன. ஏறக்குறைய 10,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் அரிய குறை இது. கரு உருவாகும் ஆரம்ப வாரங்களிலேயே இது ஏற்பட்டு விடுகிறது. கிரகணத்தில் வெளியே போனதால் வந்ததல்ல. ஆகவே தாயைக் குறை கூறாதீர்கள். மருந்தால் இது மாறாது. சத்திரசிகிச்சையே வழி. நாளங்களில் அடைப்பும் இருந்தால் அதை உடனடியாகவே செய்ய நேரிடும்.

சத்திரசிகிச்சையில் இரண்டு முறைகள் உண்டு. வழமையான முறையில், நாளங்கள் ஒன்றுகூடும் இடத்தைத் திறந்து, இடது மேலறையுடன் நேரடியாகத் தைத்து விடுவார்கள். பெரும்பாலான குழந்தைகள் இதனால் நலம் பெறுகின்றனர். ஆனால் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்குத் தையல் போட்ட இடம் தழும்பேறி, நாளம் மீண்டும் ஒடுங்கி விடுகிறது.

இப்படி ஒடுங்கியவர்களுக்காகவே 1990களில் பிரான்சிலும் கனடாவின் டொரொன்டோவிலும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் மற்றொரு முறையைக் கையாண்டனர். இதில் நாளத்தின் வெட்டிய ஓரத்தில் தையல் விழுவதில்லை. இருதயத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வுடன் மேலறையின் சுவரைச் சுற்றிவரத் தைக்கிறார்கள். நாளத்திலிருந்து வரும் இரத்தம் அந்தச் சிறு பையினூடாக மேலறைக்குள் பாய்கிறது. பின்னர் சில குழந்தைகளுக்கு முதல் சத்திரசிகிச்சையாகவே இது செய்யப்படலாயிற்று.

அப்படியானால் புதிய முறைதானே மேல் என்று கேட்பீர்கள். மீண்டும் ஒடுங்குவது இதில் குறைவு எனப் பல ஆய்வுகள் காட்டினாலும், எல்லாக் குழந்தைக்கும் இதுவே சிறந்ததெனக் கூற முடியாது. இரத்தக் கசிவும், சுவாசத்துக்கு உதவும் நரம்பு பாதிக்கப்படுவதும் இதிலுள்ள அபாயங்கள். நாளங்கள் எங்கே இணைந்துள்ளன, எவ்வளவு மெல்லியவை என்பதைப் பார்த்தே நிபுணர் முடிவு செய்வார்.

முறையைத் தெரிவது வைத்தியரின் வேலை. அதன்பின் கிளினிக் தவறாமல் கொண்டுபோவது நம் வேலை. நாளம் மீண்டும் ஒடுங்குவதானால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்தான் ஒடுங்கும். வெளிப்பார்வைக்குக் குழந்தை சுகமாகவே தெரியும். எக்கோ ஸ்கேன்தான் உண்மையைக் காட்டும்.

எருக்கலம்பிட்டியிலோ முசலியிலோ இருப்பவர்களுக்கு இது இலேசான காரியமல்ல. மன்னார் வைத்தியசாலையில் காட்டினாலும், இத்தகைய சத்திரசிகிச்சைக்குப் பெரும்பாலும் 300 கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ள கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கே போக வேண்டும். அரசாங்க வைத்தியசாலை என்பதால் கட்டணமில்லை. ஆனால் பயணச் செலவும் இழக்கும் கூலியும் உண்டு. "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று கிளினிக்கைத் தள்ளிப் போட மனம் சொல்லும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

1990இல் வெளியேற்றப்பட்டதிலிருந்து நம்மில் பல குடும்பங்கள் புத்தளத்திலும் மன்னாரிலுமாக வாழ்கின்றன. எந்த வீட்டிற்குப் போனாலும் குழந்தையின் கிளினிக் கொப்பியும் எக்கோ அறிக்கையும் கூடவே போகட்டும்.

வீடு திரும்பும் முன் வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த முறையில் செய்தீர்கள்? அடுத்த எக்கோ எப்போது? என்ன அறிகுறி கண்டால் உடனே வரவேண்டும்? பதில்களைக் கொப்பியிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.