பாதத்தை அழுத்தினால் உள்ளுறுப்பு குணமாகுமா? ரிஃப்ளெக்ஸாலஜி பற்றி தெரிந்துகொள்ள வேண்டியவை

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களுக்கு நாள் முழுக்க நின்றபடியேதான் வேலை. அதுவும் சமதரையில் கிடையாது, மலைச்சரிவில். நீலகிரி மாவட்டம் குந்தா தாலுகாவின் தலைமையிடமான மஞ்சூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே சரிவுதான். மழைக்காலத்தில் கால் ஈரத்தில் ஊறும், பனிக்காலத்தில் விறைத்துப் போகும். சாயங்காலம் வீடு திரும்பியதும் "காலைக் கொஞ்சம் பிடிச்சு விடு" என்று கேட்கத் தோன்றுவது இயல்பு.

இந்தக் கால் பிடித்தலுக்கு ஒரு வரைபடம் போட்டு, "இந்த இடத்தை அழுத்தினால் கல்லீரலுக்கு நல்லது, இந்த இடம் சிறுநீரகத்துக்கு" என்று சொல்லும் முறைதான் ரிஃப்ளெக்ஸாலஜி. சுற்றுலா ஊர்களின் ஸ்பா முதல் செல்போன் வீடியோ வரை இப்போது எங்கும் இதைப் பார்க்கலாம். இதில் எதை நம்பலாம்? எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

ரிஃப்ளெக்ஸாலஜி என்றால் என்ன?

உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் பாதத்தில் ஒரு புள்ளி இருக்கிறது என்பதுதான் இதன் அடிப்படை. கால் விரல்கள் தலைக்கு, விரல்களுக்குக் கீழே உள்ள மேடு நுரையீரலுக்கு, பாதத்தின் உள்விளிம்பு முதுகெலும்புக்கு, குதிகால் இடுப்புப் பகுதிக்கு என்று வரைபடம் போகும். கல்லீரல் உடம்பின் வலப்பக்கம் இருப்பதால் அதன் புள்ளி வலது பாதத்தில் இருக்குமாம். சிகிச்சை தருபவர் கட்டைவிரலால் இந்தப் புள்ளிகளை அழுத்துவார். ஒரு முறைக்கு பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

இது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையானதா?

கால் பிடித்துவிடும் பழக்கம் பழமையானதுதான். நம் சித்த மருத்துவத்திலேயே தொக்கணம் என்ற பெயரில் ஒன்பது வகையான பிடிமுறைகள் உண்டு. அழுத்தல், பிடித்தல், தட்டல் எல்லாம் அதில் வரும். ஆனால் இன்று சுவரில் மாட்டப்படும் வண்ண வரைபடம் அவ்வளவு பழசு இல்லை.

வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்க காது, மூக்கு, தொண்டை மருத்துவர், உடம்பை நெடுக்குவாக்கில் 10 மண்டலங்களாகப் பிரித்து 1917-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதை 1930-களில் பாதத்துக்கு மட்டும் பொருத்தி வரைபடமாக்கியவர், அதே நாட்டைச் சேர்ந்த யூனிஸ் இங்கம். அவருடைய புத்தகம் 1938-ல் வந்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதலில், பாதத்தைத் தொட்டே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி. 2000-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், ஏற்கெனவே என்ன நோய் என்று தெரிந்த 18 பேரின் பாதங்களை இரண்டு ரிஃப்ளெக்ஸாலஜி நிபுணர்கள் பரிசோதித்தார்கள். நோய் விவரம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்கள் சொன்னதும் உண்மையான நோயும் பொருந்தவில்லை. நோயைக் கண்டறிய இந்த முறை உதவாது என்ற முடிவுக்கே ஆய்வாளர்கள் வந்தார்கள்.

அடுத்தது, நோய் குணமாகுமா? 2011-ல் 23 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியபோது, எந்த நோய்க்கும் இது பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2019 ஏப்ரல் முதல், தனியார் மருத்துவக் காப்பீட்டில் ரிஃப்ளெக்ஸாலஜிக்குப் பணம் தருவதும் நிறுத்தப்பட்டது.

அப்போ, செய்துகொண்டவர்கள் 'நல்லா இருக்கு' என்பது பொய்யா?

பொய் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 385 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் தொடர்ந்தது. கூடவே ஒரு பிரிவினருக்கு ரிஃப்ளெக்ஸாலஜி, இன்னொரு பிரிவினருக்குச் சாதாரணமாகக் கால் பிடித்துவிடுதல், மூன்றாவது பிரிவினருக்கு எதுவும் இல்லை.

ரிஃப்ளெக்ஸாலஜி செய்துகொண்டவர்களுக்கு மூச்சுத்திணறல் குறைந்தது, அன்றாட வேலைகளைச் செய்வதும் சற்று எளிதானது. வலியிலும் குமட்டலிலும் வித்தியாசம் தெரியவில்லை. சுவாரஸ்யம் என்னவென்றால், உடல் சோர்வு குறைந்தது சாதாரணமாகக் கால் பிடித்துவிடப்பட்ட பெண்களுக்குத்தான்.

அதாவது, ஒருவர் அக்கறையோடு காலைத் தொட்டு, அழுத்தி, ஓய்வாக உட்கார வைத்தால் உடம்பும் மனசும் இளகுகின்றன. இதற்கு வரைபடம் அவசியமில்லை. 'துணை சிகிச்சை' என்று சொல்வதன் பொருளும் இதுதான். மருத்துவர் தரும் சிகிச்சையோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம், அதற்குப் பதிலாகச் செய்யக் கூடாது.

யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் சர்க்கரை நோயாளிகள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறையும். அந்தப் பாதத்தைக் கட்டையால் அழுத்தினாலும் சரி, கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடந்தாலும் சரி, காயம் பட்டதே தெரியாது. குளிருக்கு அடுப்புப் பக்கம் காலை நீட்டுவது, கொதிக்கும் வெந்நீரில் காலை வைப்பது போன்ற மலைப்பகுதிப் பழக்கங்களிலும் இதே ஆபத்து உண்டு. கவனிக்காமல் விட்ட சின்னப் புண், காலையே எடுக்க வேண்டிய நிலை வரை கொண்டுபோகலாம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் கையே வைக்கக் கூடாது. ரத்தக்குழாயில் உறைகட்டி இருக்கலாம். அழுத்தும்போது அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பாதத்தில் புண், எலும்பு முறிவு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்துகொள்வது நல்லது.

சான்றிதழ் மாட்டியிருந்தால் நம்பலாமா?

மத்திய அரசின் ஆயுஷ் பட்டியலில் ஆயுர்வேதம், யோகா மற்றும் இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா-ரிக்பா, ஹோமியோபதி ஆகியவை இருக்கின்றன. ரிஃப்ளெக்ஸாலஜி தனி மருத்துவ முறையாக அதில் இல்லை. எனவே சில நாள் பயிற்சிச் சான்றிதழை வைத்து ஒருவர் "உங்க கிட்னி புள்ளி வலிக்குது" என்று சொன்னால், பயப்படவும் வேண்டாம், அதையே சிகிச்சையாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை சொல்லிவிடும். "மாத்திரையை நிறுத்திடுங்க" என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதுதான் சரி.

என்ன செய்யலாம்?

2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கால் மரத்துப் போவது, எரிச்சல், ஆறாத புண் இருந்தால் அவர்களிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே சொல்ல வேண்டும். மஞ்சூரிலிருந்து ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக 30 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் பயணிக்க வேண்டும். புண் முற்றிய பிறகு அந்தத் தூரம் இன்னும் சிரமம்.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரத்தை நன்றாகத் துடைக்க வேண்டும். பூட்ஸ் போடும் முன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

மற்றபடி புண்ணோ வீக்கமோ இல்லாத, உணர்ச்சி நன்றாக இருக்கும் காலில் அசதி என்றால், கொஞ்சம் எண்ணெய் தடவி வீட்டில் ஒருவர் இதமாகப் பிடித்துவிட்டாலே போதும். அதற்குச் செலவும் இல்லை.