பத்திரத்தில் வரும் 'மெட்ராஸ் டெரஸ்' என்றால் என்ன?

கலவை என்றால் கொத்தனாருக்குச் சாந்து. இராணிப்பேட்டை மாவட்டத்தாருக்கோ, ஆற்காட்டை அடுத்த ஊர்!

அந்த ஊர்ப் பக்கத்திலும், தமிழ்நாட்டின் மற்றப் பழைய ஊர்களிலும் வீட்டுப் பத்திரங்களில் ஒரு சொல் அடிபடும். "மெட்ராஸ் டெரஸ் மெத்தை வீடு" என்பதுதான் அது.

மெத்தை என்றால் இங்கே பஞ்சு மெத்தை அல்ல, மாடித் தளம். சரி, 'மெட்ராஸ் டெரஸ்' என்பது என்ன? அது தெரியாமல் பழைய வீட்டைப் பழுது பார்க்கப் போனால், வீட்டுக்காரருக்குத்தான் நஷ்டம்.

கம்பியும் சிமெண்டும் இல்லாமல் போட்ட மொட்டை மாடி அது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் சுமார் ஒரு அங்குல கனமே உள்ள சிறு செங்கற்களை, படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். மூலையில் தொடங்கிச் சாய்வாக வரிசை போகும். அடியில் பலகை முட்டு கிடையாது!

அதற்கு மேல்தான் பெரிய வேலை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, மரக் கட்டையால் அதைத் தட்டுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. தளம் இறுகிக் கெட்டிப்படும் வரையில் நாள் கணக்கில் தட்டுவார்கள். களைப்புத் தெரியாமலிருக்கப் பாட்டும் உண்டு. இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதித்துப் பூசிவிடுவார்கள்.

தட்டுவதில் சோம்பல் காட்டினால் முதல் மழையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆற்காடு நவாப் வாலாஜாவுக்காக 1768-ல் கட்டிய அரண்மனை சென்னை சேப்பாக்கத்தில் இருக்கிறது. அதன் ஒரு பகுதியான கலஸ் மகால் 2012 ஜனவரியில் தீப்பற்றி எரிந்தது. பிறகு அதைப் புதுப்பித்தபோது பழைய சுண்ணாம்பு முறையைத்தான் நாட வேண்டியிருந்தது.

சிமெண்டு பூசினால் என்ன?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுண்ணாம்புத் தளம் ஈரத்தை உறிஞ்சும்; வெயிலில் வெளியே விட்டுவிடும். ஒழுகுகிறதே என்று அதன் மேல் சிமெண்டைப் பூசினால், வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியேற வழி இராது. அந்த ஈரம் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனிக்குப் போய்ச் சேரும். வெளியே பார்த்தால் மரம் திடமாகவே தெரியும். சுவருக்குள்ளே நுனி மட்கிக்கொண்டிருக்கும்.

உங்கள் பாட்டனார் வீடு இந்த வகைதானா? கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். சட்டங்களுக்கு இடையே பூச்சு உதிர்ந்த இடத்தில் சிறு செங்கற்கள் சாய்வாக வரிசை கட்டி நின்றால், அதுவேதான். பழுது பார்க்கச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். அவர் முதலில் உத்திரத்தின் நுனியைத்தான் தட்டிப் பார்ப்பார்.